டில்மன் தெருக் கேட்டின் பதினைந்து விநாடிகள்

பெர்னடெட் குஸ்மா பத்தொன்பது வருஷம் ரயில் ஓட்டினாள். போர்ட் ஹாலம் நகரத்தில் ஓடுவது இரண்டே தடம்தான். ஏரிக்கரையிலிருந்து மருத்துவமனை வரை ஒன்று, பழைய உருக்காலை வரை இன்னொன்று. இரண்டிலும் எந்த வளைவில் எந்தச் சக்கரம் முனகும் என்று அவளுக்குத் தெரியும். முழங்கால் இரண்டும் கெட்டுப்போய் டாக்டர் கையை விரித்த பிறகு, நிறுவனம் அவளை மூன்றாம் மாடிக்கு அனுப்பியது. ரயில் பாதுகாப்பு விதிகளைக் கவனிக்கிற, அறிக்கை அனுப்புகிற அலுவலர் வேலை. பதவியின் முழுப் பெயர் கதவுப் பலகையில் அடங்கவில்லை. பாதி வார்த்தையோடு நின்றுவிட்டது. அதை மாற்றச் சொல்லி இரண்டு முறை எழுதினாள். அப்புறம் விட்டுவிட்டாள்.

வேலை என்னவோ எளிதுதான். தடத்தில் எது கோளாறானாலும் டிரைவர்கள் எழுதிக் கொடுப்பார்கள். அவள் படித்து, எந்தப் பிரிவுக்குப் போக வேண்டுமோ அந்தப் பிரிவுக்கு அனுப்பி, பதில் வாங்கிப் புகாரை மூட வேண்டும். பெரிய விஷயமாக இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மாநிலத் தலைநகரில் இருக்கும் கண்காணிப்பு அலுவலகத்துக்குப் போன் போட வேண்டும். சட்டம் அப்படி.

இந்த எளிய வேலையைப் போன வருஷம் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் வந்து கெடுத்தது. எந்தப் புகாரையும் அதிலிருக்கும் பட்டியலில் ஒரு வகையைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் உள்ளே விடும். பட்டியலில் முப்பத்தாறு வகை. சின்னப் பறவை மோதியது ஒன்று, பெரிய பறவை மோதியது வேறொன்று. பிளாட்பாரத்தில் யாராவது வாந்தி எடுத்தால் அதற்கும் தனி இடம். ஆனால் ரயில்வே கேட் என்று ஒன்று இந்த உலகத்தில் இருப்பதே அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. பெர்னடெட் நான்கு கடிதம் போட்டாள். "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று நான்கு பதில் வந்தது. அதுவரை கேட் சம்பந்தப்பட்ட புகார் எல்லாம் "பயண வசதிக் குறைவு – தாமதம்" என்ற வகையில் போய் உட்கார்ந்தன.

ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பனியும் மழையுமாகக் கொட்டிக்கொண்டிருந்த காலையில், ஷவோன் பிரிட்ஜஸ் மூன்று மாடி ஏறி வந்தாள். மருத்துவமனைத் தடத்தில் ஒன்பது வருஷமாக ஓட்டுகிற டிரைவர். நனைந்த தொப்பியை நாற்காலியில் போட்டாள், காகிதத்தை மேஜையில் போட்டாள்.

"இது நான் எழுதுற ஆறாவது காகிதம், பெர்னி. ஆறாவது. இனிமே எழுத மாட்டேன், நேரா வந்து உன் தலையில உக்காந்துக்கப் போறேன்."

"டில்மன் தெருவா?"

"வேற எங்க? பிளாட்பாரத்துல நிக்கறேன். கேட் கீழ இருக்கு. எனக்கு சிக்னல் பச்சை. கிளம்பலாம்னு கையை வைக்கறேன், கேட் ஹாயா மேல போகுது. சிக்னல் அப்பவும் பச்சை. நான் கண்ணால கேட்டைப் பாக்கற பழக்கம் உள்ளவ. அதனால நின்னேன். சிக்னலை மட்டும் நம்பறவன் ஒருத்தன் ஓட்டினா என்ன ஆகும்?"

"சிக்னலைப் பாக்கற ஸ்வோபோடா ஆளுங்க பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்காங்க."

"அவங்க ஒண்ணுமில்லன்னுதான் எழுதுவாங்க. எனக்குக் கண்ணு இல்லையா, பைத்தியமா? அதையும் எழுதிக்கோ. அதுக்கு உன் பட்டியல்ல ஒரு வகை இருக்குமே."

ஷவோன் போன பிறகு பெர்னடெட் பழைய புகார்களைத் தேடி எடுத்தாள். ஏழு மாதத்தில் டில்மன் தெருவைப் பற்றிப் பதினொன்று. கையிலிருந்ததோடு சேர்த்து ஆறு ஷவோன் எழுதியது, மிச்சம் ஐந்து வேறு மூன்று டிரைவர்கள் எழுதியது. முந்தைய பத்தின் கீழும் ஒரே வரி: பரிசோதித்ததில் குறை ஏதும் இல்லை. அந்த வரி வந்ததும் புரோகிராம் தானாகவே புகாரை மூடிவிடும். அவள் கையெழுத்துகூடக் கேட்காது.

சிக்னல் பராமரிப்புத் தலைவர் ஏர்ல் ஸ்வோபோடாவுக்குப் போன் போட்டாள். முப்பது வருஷ அனுபவக்காரர். பொய் சொல்கிறவர் அல்ல. ஆனால் தன் ஆட்கள் தொட்ட இயந்திரத்தில் குறை இருக்கிறது என்றால் தன் குடும்பத்தைப் பழித்ததாக எடுத்துக்கொள்வார்.

"நானே போய்ப் பாத்தேன் பெர்னி. காலி ரயிலைக் கொண்டுபோய் இருபது செகண்ட் நிறுத்திக் கிளப்பினோம். கேட் அசையல. ரெண்டு நிமிஷம் நிறுத்தி, முடிவுல பாத்தோம். ரயில் ரொம்ப நேரம் நின்னா தெருவுக்குத் திறந்துவிடணும்ல, கேட் மேல இருந்துச்சு, சிக்னல் சிவப்பா இருந்துச்சு, எப்படி இருக்கணுமோ அப்படியே இருந்துச்சு. இன்னும் என்ன செய்யச் சொல்றே? கேட்டுக்குத் தாலாட்டு பாடவா?"

"நாலு டிரைவர் பாத்திருக்காங்க, ஏர்ல்."

"நாலு பேருக்கும் கண்ணாடி மாத்தச் சொல்லு."

அடுத்து தன் மேலதிகாரி டுவெய்ன் ஹூக்ஸ்ட்ராவின் அறைக்குப் போனாள். பாதுகாப்புத் துறை இயக்குநர் என்று பெயர். முன்பு ஒரு சூப்பர் மார்க்கெட் நிறுவனத்தில் இதே மாதிரிப் பதவியில் இருந்தவர். ரயிலைப் பயணியாகக்கூட அதிகம் பார்த்ததில்லை, காரில்தான் வருவார். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு பலகை. மாநிலத்துக்குச் சொல்ல வேண்டிய விபத்து எதுவும் இல்லாமல் கடந்த நாட்கள்: 412. ஐந்நூறு ஆனதும் எல்லோருக்கும் பெயர் தைத்த ஜாக்கெட் கொடுப்பதாகத் திட்டம். ஜாக்கெட்டின் நிறம் பற்றி மட்டும் மூன்று கூட்டம் நடந்திருந்தது.

"பெர்னி, இது எந்த வகையில இருக்கு?" என்று ஹூக்ஸ்ட்ரா கேட்டார்.

"பயண வசதிக் குறைவு. ஏன்னா உங்க புரோகிராம்ல கேட் கிடையாது."

"அப்ப இது வசதி சம்பந்தப்பட்டது. பாதுகாப்பு சம்பந்தப்பட்டதில்ல."

"டுவெய்ன், வகையை நான்தான் போட்டேன். வேற வழியில்லாம போட்டேன்."

"நீங்களே போட்டீங்கன்னா இன்னும் நல்லது" என்றார் அவர், நிஜமாகவே நிம்மதியோடு. "நிபுணரோட கருத்து ஆச்சே."

பெர்னடெட் தன் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, ஐந்து நிமிஷம் ஜன்னல் வழியாகப் பனிமழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று தோன்றியது.

அன்று சாயங்காலம் பதினொரு புகாரையும் அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். தங்கை லாரெய்னோடுதான் வாசம். விவாகரத்துக்குப் பிறகு பெர்னடெட் தங்கை வீட்டில் இரண்டு வாரம் தங்க வந்தாள்; எட்டு வருஷம் ஆகிறது. லாரெய்ன் ஒரு கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறவள். அடுப்பில் பீரோகிக் கொழுக்கட்டை வெந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு மேஜை முழுக்கக் காகிதம்.

"தட்டை எங்கடி வைக்கறது, உன் தலையிலயா?" என்றாள் லாரெய்ன்.

"இரு. இந்தப் பதினொண்ணுல ஏதோ ஒண்ணு பொதுவா இருக்கணும். டிரைவர் வேற, வண்டி வேற. மழை நாள் இருக்கு, வெயில் நாள் இருக்கு. எல்லாமே காலையில ஒன்பதரைக்கும் பத்துக்கும் நடுவுல. அது ஒண்ணுதான் பொருந்துது."

லாரெய்ன் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு காகிதங்களை எட்டிப் பார்த்தாள். தேதிக்குப் பக்கத்தில் கிழமை அச்சாகியிருந்தது.

"செவ்வாய், செவ்வாய், சனி, வியாழன், வியாழன், செவ்வாய்..." என்று வாசித்தாள். "எங்க கிளினிக்ல இது டயாலிசிஸ் ஆளுங்க வர்ற நாள். ஒரு கோஷ்டி திங்கள், புதன், வெள்ளி. இன்னொரு கோஷ்டி செவ்வாய், வியாழன், சனி. உங்க ரயிலுக்கும் கிட்னி கெட்டுப்போச்சா?"

பெர்னடெட் சிரிக்கவில்லை. மருத்துவமனைத் தடம். காலைப் பத்தரை மணிக்கு டயாலிசிஸ். டில்மன் தெருவில் ஏறுகிற யாரோ ஒருவர். அவருக்காக ரயில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறது. இருபது விநாடியும் இல்லை, இரண்டு நிமிஷமும் இல்லை. பீரோகி ஆறிப்போகும் வரை அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வியாழக்கிழமை ஒன்பதேகாலுக்கு டில்மன் தெருப் பிளாட்பாரத்தில் நிறுத்துக் கடிகாரத்தோடு போய் நின்றாள். ஸ்வோபோடாவையும் வரச் சொல்லியிருந்தாள். அவர் வரவில்லை. வேறொருவர் இருந்தார். சக்கர நாற்காலியில், மடியில் கம்பளியும் கம்பளிமேல் குறுக்கெழுத்துப் புத்தகமுமாக, எழுபதைத் தாண்டிய ஒரு கறுப்பின மனிதர்.

"என்ன, கணக்கெடுப்பா?" என்றார் அவர், கடிகாரத்தைப் பார்த்து. "ரயில் லேட்டா வருதான்னு பாக்க வந்தீங்களா? வருது. எழுதிக்கிட்டு வீட்டுக்குப் போங்க, சிஸ்டர். குளிருது."

பெயர் லூஷியஸ் டார்ப்லி. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருஷமாக வாரம் மூன்று நாள் இந்த ரயிலில்தான் டயாலிசிஸுக்குப் போகிறார். பெர்னடெட் தான் யார், எதற்கு வந்திருக்கிறாள் என்று சொன்னாள்.

"நான் ஏறும்போது எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்கணுமா?" அவர் முகம் கொஞ்சம் இறுகியது. "உள்ள இருக்கறவங்க அதை நல்லாவே சொல்லுவாங்க. ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தர் பெருமூச்சு விடுவாங்க. எனக்குக் கேக்காதுன்னு நினைப்பு. காலுதான் போச்சு, காது நல்லாத்தான் இருக்கு."

ஒன்பது நாற்பத்திரண்டுக்கு ரயில் வந்தது. ஓட்டி வந்தது ஷவோன் அல்ல. அன்று அவளுக்கு விடுமுறை. மாற்று டிரைவர் ஒருவர், இந்தத் தடத்துக்கு மூன்றாவது நாள். பெர்னடெட் கடிகாரத்தை அழுத்தினாள். பிளாட்பாரத்துக்கு அப்பால் நாற்பதடி தூரத்தில் டில்மன் தெரு. கேட் இறங்கி, இருபக்கமும் வண்டிகள் நின்றன. டிரைவர் பொத்தானை அழுத்த, வாசலுக்கு அடியிலிருந்து சாய்பலகை நீண்டது. டார்ப்லி ஏறினார், திரும்பினார், நாற்காலியைக் கொக்கியில் மாட்டினார். பலகை உள்ளே போனது. நாற்பத்தைந்தாவது விநாடியில் கேட் மேலே எழுந்தது. ரயிலுக்கான சிக்னல் பச்சையாகவே இருந்தது.

ஐம்பத்தோராவது விநாடியில் ரயில் நகர்ந்தது.

நின்றிருந்த வண்டிகளில் முதலாவது ஒரு சலவை நிலையத்தின் வேன். கேட் தூக்கியதும் அதுவும் கிளம்பியது. பிறகு யோசித்தபோது, தான் ஓடியது பெர்னடெட்டுக்கு நினைவில்லை. முழங்கால் மட்டும் ஒரு வாரம் ஞாபகப்படுத்தியது. பிளாட்பாரத்தின் நுனிக்குப் போய், இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கும் நெடுக்குமாக வீசினாள். எந்த டிரைவரும் பயிற்சியின் முதல் நாளில் கற்றுக்கொள்கிற சைகை. ரயில் கிறீச்சிட்டு நின்றது. வேனுக்கும் ரயிலின் மூக்குக்கும் நடுவில் இரண்டு ஆள் படுக்கிற இடம் இருந்தது. வேன் டிரைவர் ஒன்றுமே தெரியாமல் பாட்டுக் கேட்டுக்கொண்டு கடந்து போனார்.

ரயில் டிரைவர் கண்ணாடி ஜன்னலைத் திறந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"எனக்குப் பச்சைங்க" என்றார். "பாருங்க, பச்சை."

"தெரியும். நானும் பாத்தேன். உங்க தப்பு இல்ல" என்றாள் பெர்னடெட். அறுபதாவது விநாடியில் சிக்னல் சிவப்பானதையும் பார்த்தாள். நாற்பத்தைந்திலிருந்து அறுபது வரை. அந்தப் பதினைந்து விநாடி கேட் ஒன்று சொல்கிறது, சிக்னல் இன்னொன்று சொல்கிறது. இருபது விநாடி நிறுத்திப் பார்த்தவனுக்கும் இரண்டு நிமிஷம் கழித்துப் பார்த்தவனுக்கும் அது எப்படிக் கண்ணில் படும்?

ரயிலுக்குள் ஏறி டார்ப்லியைப் பார்த்தாள். நாற்காலி கொக்கியில் இருந்ததால் அவர் விழவில்லை. புத்தகம்தான் எங்கோ போய் விழுந்திருந்தது.

அங்கிருந்தே கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டாள். இனி டில்மன் தெருவில் எல்லா ரயிலும் நின்று, கேட் கீழே இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே கடக்க வேண்டும் என்று உத்தரவு போடச் சொன்னாள்.

"படிவ எண் சொல்லுங்க" என்றது எதிர்முனை.

"படிவ எண் இல்ல."

"எண் இல்லாம உத்தரவு போட முடியாதே. புரோகிராம் விடாது."

"புரோகிராம் இங்க வந்து தெருவுல நிக்கட்டும். நான் பெர்னி குஸ்மா பேசறேன். பத்தொன்பது வருஷம் என் குரலை ரேடியோவுல கேட்டிருக்கே, மார்கோ. சும்மா எப்பவாவது நிறுத்தச் சொல்லியிருக்கேனா?"

 மறுமுனையில் மார்கோ ரேடியோவில் உத்தரவைச் சொல்வது அவளுக்கே கேட்டது.

அலுவலகத்துக்குத் திரும்பும்போது மணி பத்தரை. ஹூக்ஸ்ட்ரா வாசலிலேயே காத்திருந்தார். ரயில்கள் ஆறு நிமிஷம் தாமதமாக ஓடுகின்றனவாம். யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டார். அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் முகம் வெளுத்தது என்னவோ உண்மை. கெட்ட மனிதர் அல்ல. ஆனால் வெளுத்த முகத்தோடும் அவர் கண் சுவரிலிருந்த பலகைக்குத்தான் போனது.

"மோதலையே" என்றார். "ரயில் தெருவுக்குள்ளயே போகல. அப்ப விபத்துன்னு சொல்ல முடியாது. இல்லையா?"

"கேட் மேல இருக்கும்போது ரயிலுக்குப் பச்சை. மாநில விதியில இது அப்படியே எழுத்துக்கு எழுத்து இருக்கு, டுவெய்ன். ரெண்டு மணி நேரத்துல சொல்லணும். ஒன்பது நாப்பத்திமூணுக்கு நடந்துச்சு. பதினொண்ணு நாப்பத்திமூணு வரைக்கும் டைம்."

"சட்டப் பிரிவை ஒரு வார்த்தை கேட்டுக்குவோம். திங்கட்கிழமை கூட்டத்துல வெச்சு..."

"திங்கட்கிழமை ரெண்டு மணி நேரத்துக்குள்ள வராது."

"பெர்னி, கொஞ்சம் பெரிய படமாப் பாருங்க. ஐந்நூறுக்கு எண்பத்தாறு நாள்தான் பாக்கி."

அவள் தன் அறைக்குப் போய்க் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, பதினொன்று ஐந்துக்கு மாநில அலுவலகத்தின் எண்ணைச் சுழற்றினாள். கண்காணிப்பு அலுவலர் மாரிபெல் ஓச்சோவா எடுத்தார். ஐந்து நிமிஷம் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இது முதல் தடவையா?"

ஹூக்ஸ்ட்ரா கதவோரம் நின்று தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டிருந்தார். அது "முன்பு நடந்ததே இல்லை என்று சொல்" என்பதா, "எதுவும் சொல்லாதே" என்பதா என்று இன்றுவரை பெர்னடெட்டுக்குத் தெரியாது.

"பன்னெண்டாவது" என்றாள். "முன்னாடி பதினொண்ணு எங்க கணக்குல இருக்கு. எல்லாத்தையும் மூடிட்டோம்."

"என்ன சொல்லி மூடினீங்க?"

"குறை ஏதும் இல்லன்னு."

சனிக்கிழமை காலை ஓச்சோவா வந்துவிட்டார். குட்டையான, சத்தமே போடாத பெண்மணி. மழைக்கோட்டின் பையில் அவரும் ஒரு நிறுத்துக் கடிகாரம் வைத்திருந்தார். தெருவின் இரண்டு பக்கமும் கொடியோடு ஆட்களை நிறுத்தி, வண்டிகளைத் தடுத்துவிட்டுச் சோதனை நடந்தது. இந்த முறை ஸ்வோபோடா வந்திருந்தார், மீசையெல்லாம் விறைப்பாக. சோதனை ரயிலில் பயணியை ஏற்றக் கூடாது, காப்பீட்டுப் பிரச்சினை வரும் என்று ஹூக்ஸ்ட்ரா தகவல் அனுப்பியிருந்தார். அதனால் வழக்கமான ஒன்பது நாற்பத்திரண்டு ரயிலையே சோதனையாக எடுத்துக்கொண்டார்கள். அதில் ஏற டார்ப்லிக்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. டிக்கெட் இருந்தது.

ஓட்டி வந்தது ஷவோன். டார்ப்லி எப்போதும் போல ஏறினார். நாற்பத்தைந்தில் கேட் எழுந்தது. சிக்னல் பச்சை. ஷவோன் அசையாமல் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகச் சிக்னலைச் சுட்டிக் காட்டிக்கொண்டே இருந்தாள். அறுபதில் சிவப்பு.

 ஸ்வோபோடா தொப்பியைக் கழற்றினார்.

"போன வருஷம் கேட்டோட நேரத்தை மாத்தினோம்" என்றார் மெதுவாக. "தெருவுல வண்டி ரொம்ப நேரம் நிக்குதுன்னு மாநகராட்சி கேட்டுக்கிட்டாங்க. அறுபதை நாப்பத்தஞ்சா குறைச்சோம். சிக்னலுக்கும் சேத்துக் குறைச்சிருக்கணும். அது வேற கட்டுப்பாட்டுப் பெட்டி, விட்டுட்டோம். நான்தான் கையெழுத்துப் போட்டேன்." ஷவோன் பக்கம் திரும்பினார். "கண்ணாடி மாத்தணும்னு சொன்னேன் உங்களை."

"என்கிட்ட அதை யாரும் சொல்லலையே" என்றாள் ஷவோன். "சொல்லியிருந்தா அன்னிக்கே உங்க வீட்டுக்கு வந்திருப்பேன்."

திங்கட்கிழமை ஓச்சோவாவும் உட்கார்ந்த கூட்டத்தில் ஹூக்ஸ்ட்ரா தயாராக வந்திருந்தார். ஞாயிறு முழுக்க யோசித்ததாகச் சொன்னார். சிக்னல் பெட்டியைச் சரிசெய்ய, அதைத் தயாரித்த கம்பெனியிலிருந்து ஆள் வர மூன்று வாரம் ஆகும். அதுவரை ரயிலெல்லாம் நின்று நின்று போனால் நேர அட்டவணை நாசமாகிவிடும். பிரச்சினை அந்த ஒரு பயணி ஏறும்போதுதானே வருகிறது?

"அவரை அடுத்த ஸ்டேஷன்ல ஏறச் சொல்லிட்டா?" என்றார். "அங்க கேட் இல்ல. ஒரு கடிதம் அனுப்பலாம். மரியாதையான கடிதம்."

அடுத்த ஸ்டேஷன் முக்கால் மைல். பாதி வழிக்கு நடைபாதையே கிடையாது.  நான்கு வருஷமாக இந்த மூன்றாம் மாடியில் விழுங்கியதையெல்லாம் பெர்னடெட் இப்போது வெளியே விட்டாள்.

"டுவெய்ன், அந்த மனுஷர் இல்லன்னா இது நமக்குத் தெரிஞ்சே இருக்காது. ஏழு மாசம் நாம எல்லாரும் இல்லை இல்லைன்னு எழுதிட்டு இருந்தோம். வாரம் மூணு நாள் அவர் வந்து ஏறி, இருக்கு இருக்குன்னு காமிச்சுக்கிட்டே இருந்தார். நாளைக்கு ஒரு தாய் ரெட்டைக் குழந்தை வண்டியோட ஏறுவா. நாளன்னைக்கு ஒருத்தன் சைக்கிளோட ஏறுவான். எல்லாருக்கும் கடிதம் போடுவீங்களா? கடிதம் போடணும்னா அந்தப் பதினஞ்சு செகண்டுக்குப் போடுங்க."

ஓச்சோவா குறிப்பேட்டிலிருந்து தலை தூக்கினார். "அடுத்த ஸ்டேஷன் யோசனையை இன்னொரு தடவை சொல்ல முடியுமா? சரியா எழுதிக்கணும்" என்றார் ஹூக்ஸ்ட்ராவிடம். அவர் திரும்பச் சொல்லவில்லை.

பத்தொன்பது நாள் டில்மன் தெருவில் கொடி பிடித்து ஆள் நின்றார்கள். ரயில்கள் தாமதமாகவே ஓடின. பயணிகள் திட்டினார்கள்; ஒருவர் பெர்னடெட் பெயரைக் கண்டுபிடித்து நேராகவே எழுதித் திட்டினார். இருபதாவது நாள் பெட்டி சரியானது. நிறுவனத்தின் மாதச் செய்தித்தாளில், "நமது உள் கண்காணிப்பு முறையின் விழிப்புணர்வால்" ஒரு குறை முன்கூட்டியே கண்டறியப்பட்டதாக ஹூக்ஸ்ட்ராவின் படத்தோடு ஒரு பத்தி வந்தது. ஷவோன் அதை வெட்டி ஓய்வறைக் கழிப்பறைக் கதவில் ஒட்டினாள்.

பெர்னடெட் ஒரு வியாழக்கிழமை டார்ப்லியைப் பார்க்கப் போனாள். நடந்ததையெல்லாம் அவரிடம் யாரும் முழுசாகச் சொல்லியிருக்கவில்லை. அவள் சொன்னாள். 

"ரெண்டு வருஷமா, என்னால எல்லாருக்கும் லேட்டாகுதுன்னு நினைச்சுட்டிருந்தேன்" என்றார். "சீக்கிரம் ஏறணும்னு பழகினேன், தெரியுமா? எழுபது செகண்ட் ஆகும் முதல்ல. பழகிப் பழகி ஐம்பதுக்குக் கொண்டுவந்தேன்." சிரித்தார், ஆனால் சந்தோஷமாக இல்லை. "எழுபதா இருந்தப்ப நான் பத்திரமா இருந்திருக்கேன்."

பெர்னடெட் மன்னிப்புக் கேட்டாள். நிறுவனத்தின் சார்பாகவா என்று அவர் கேட்டார். இல்லை, என் சார்பாக என்றாள். சரி, அப்படியானால் வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

மே மாதக் கடைசியில் மாநிலத்திலிருந்து கடிதம் வந்தது. கடந்த ஐந்து வருஷத்தில் "குறை ஏதும் இல்லை" என்று மூடிய ரயில் புகார் அத்தனையையும் மறுபடி திறந்து, எழுதிய டிரைவரிடம் நேரில் பேசித் தொண்ணூறு நாளில் பதில் அனுப்ப வேண்டும். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. செய்ய வேண்டியவர்: பெர்னடெட் குஸ்மா. உதவிக்கு ஆள் கேட்டாள். ஹூக்ஸ்ட்ரா, அதற்கு ஒரு படிவம் இருக்கிறது என்றார்.

ஆள் வரவில்லை, ஸ்வோபோடா வந்தார். யாரும் சொல்லாமலே, வாரம் இரண்டு நாள் கருவிப் பையோடு அவளுடைய அறை வாசலில் வந்து நிற்பார். ஜூன், ஜூலை முழுக்க இருவரும் வெயிலில் தடமெல்லாம் நடந்தார்கள். பெரும்பாலானவை நிஜமாகவே ஒன்றுமில்லை. ஏழில் ஏதோ இருந்தது, சரிசெய்தார்கள்.

நூற்று அறுபத்து மூன்றாவது புகாரைத் திறந்தபோது பெர்னடெட் கையிலிருந்த காபியைக் கீழே வைத்தாள். அது புரோகிராம் வருவதற்கு முந்தையது. மழை நாளில் டோர்சி வளைவில் ரயில் இடப்பக்கம் வெட்டுகிறது என்று நார்பர்ட் ஷெல்லர் என்ற டிரைவர் எழுதியிருந்தார். கீழே மூடியவர் கையெழுத்து: பெ. குஸ்மா. மூன்றாம் மாடிக்கு வந்த முதல் மாதம். ஒரே நாளில் இருபத்தொன்பது புகாரை மூடியிருந்தாள். அன்று மேஜை காலியானதைப் பார்த்து யாரோ பாராட்டியதுகூட நினைவுக்கு வந்தது. ஷெல்லரின் புகாரைப் படித்தது நினைவுக்கு வரவில்லை.

ஷெல்லர் ஓய்வு பெற்று ஃபுளோரிடாவுக்குப் போயிருந்தார். எண்ணைத் தேடிப் பிடித்துப் போன் போட்டாள். மீன்பிடி படகில் இருக்கிறேன், சுருக்கமாகச் சொல் என்றார்.

"டோர்சி வளைவைப் பத்தி நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒண்ணு எழுதினீங்களே."

"எழுதினேன். ஒண்ணுமில்லன்னு பதில் வந்துச்சு. அதுக்கப்புறம் நான் எதுவும் எழுதல." கொஞ்சம் நிறுத்தி, "யாரு மூடினது, பெர்னி? யாரோ ஆபீஸ்ல பேனா பிடிக்கறவன்தானே?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். சுலபமாக ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"நான்தான், நார்பர்ட். படிக்காம மூடினேன்."

எதிர்முனையில் தூண்டில் கம்பைப் படகில் வைக்கிற சத்தம் கேட்டது.

"பத்தொன்பது வருஷம் ஓட்டினவ நீ" என்றார் ஷெல்லர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் அவளுக்கு உறைத்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு விவரம் சொன்னார்: மழை பெய்து அரைமணி நேரம் ஆன பிறகு, இரண்டாவது கம்பத்துக்கும் மூன்றாவது கம்பத்துக்கும் நடுவில், இடது தண்டவாளம், பயணிகள் நிறைய இருந்தால் மட்டும்.

மறுநாள் மழை. பெர்னடெட்டும் ஸ்வோபோடாவும் டோர்சி வளைவில், இரண்டாவது கம்பத்தருகே, அரைமணி நேரம் நனைந்தபடி நின்றார்கள். நெரிசல் ரயில் ஒன்று கடந்தபோது இடது தண்டவாளம் ஒரு விரல் கனத்துக்கு அமுங்கி எழுந்தது. அடியிலிருந்த கட்டை உள்ளுக்குள் மக்கியிருந்தது. வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஸ்வோபோடா குனிந்து கம்பியால் குத்த, கம்பி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது.

கட்டையை மாற்ற ஒரு மதியம் போதுமாக இருந்தது. பெர்னடெட் அறிக்கையில் கோளாறு என்ன, எப்படிச் சரியானது என்று எழுதினாள். நான்கு வருஷம் அது திறக்கப்படாமல் கிடந்ததற்குக் காரணம் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். ஹூக்ஸ்ட்ரா அதைப் படித்துவிட்டு, தனிப்பட்ட பெயர்கள் வேண்டாம், "நடைமுறை இடைவெளி" என்று போடலாமே என்றார்.

"இடைவெளி கையெழுத்துப் போடாது, டுவெய்ன்" என்று சொல்லிவிட்டு, அவள் அதை அப்படியே மாநிலத்துக்கு அனுப்பினாள். பிறகு நூற்று அறுபத்து நான்காவதைத் திறந்து, இந்த முறை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.